மத்தி மீனும் உடையாத முறுக்கும்

1

போன செவ்வாயோடு நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் முடிந்தது. அன்று காலை முழுக்க நார்வேயின் பெர்கன் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில், நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. இங்கே மழை ஒரு செய்தியே இல்லை. வெயில் அடித்தால்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொள்வார்கள்.

என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் கம்பம், மதுரை மாவட்டம். ஊரில் புதிதாக வாங்கிய பிறப்புச் சான்றிதழில் கம்பம், தேனி மாவட்டம்.

“மதுரையிலிருந்து தேனிக்கு எப்போது குடிபெயர்ந்தீர்கள்?”

“நான் எங்கேயும் பெயரவில்லை. நான் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள்.”

“அப்படியானால் நீங்கள் பிறந்தது எந்த மாவட்டம்?”

“பிறந்தபோது மதுரை. இப்போது கேட்டால் தேனி.”

“பிறந்த இடம் எப்படி மாறும்?” என்றார். கோபமில்லை, சிரிப்புமில்லை. இந்த ஊரில் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். எங்கள் ஊர் கிளார்க்காக இருந்தால் ஒரு சத்தம் போடுவார், நானும் ஒரு சத்தம் போடுவேன், அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிக்கப் போவோம். இங்கே விளக்கக் கடிதம் ஒன்று கொண்டுவரச் சொன்னார். அது வந்தாலும், நிரந்தர வேலைக்கான கடிதம் இல்லாமல் கோப்பு நகராது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வேலைக் கடிதம் இந்நேரம் என் கையில் இருந்திருக்க வேண்டும். அது ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

ஊரில் என்னை மீன் டாக்டர் என்பார்கள். “மீனுக்கு ஊசி போடுவியா மாப்ள?” என்று என் அக்கா மைமூனின் கணவர், என் மச்சான், முதல் வருடம் கேட்டார். கம்பத்தில் பிறந்தவன் கடல் மீனைப் படிக்கப் போனதே ஊருக்கு வேடிக்கைதான். மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தாலும் மலை, நடுவில் நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலும். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில்.

ஆனால் கடல் மீனை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். மச்சான் கம்பத்தில் மொத்த மீன் வியாபாரி. அவருடைய கடைக்கு மீன் இரண்டு பக்கமிருந்தும் வரும். கொச்சிப் பெட்டிகள் குமுளி வழியாக மலையிறங்கி வரும். கிழக்குக் கரையில் உள்ள மண்டபத்துப் பெட்டிகள் மதுரை, ஆண்டிபட்டி, தேனி என்று தரை வழியாகவே வரும். ஒரே காலையில் இரண்டு பக்கத்து மத்தியும் அடுத்தடுத்துக் கிடக்கும். மச்சான் காலால் பெட்டியைத் தள்ளிக் காட்டுவார். “இது மல ஏறி எறங்கி வந்தது, இது ஏறாம வந்தது.”

“ரெண்டும் ஒரே மீன்தானா மச்சான்?”

“வாய்க்கு ஒண்ணுதான் மாப்ள. கடலுக்கு எப்படின்னு நீதான் படிச்சுச் சொல்லணும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதையே வேலையாக்கிக்கொண்டேன். மேற்குக் கரை மத்தியும் கிழக்குக் கரை மத்தியும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கலாம். இரண்டும் கலந்து இனம் பெருக்குகின்றனவா, அல்லது தனித்தனிக் கூட்டமா என்று மீனின் மரபணுவைக் கேட்டால்தான் தெரியும். ஒரே கூட்டமென்றால் ஒரு கரையில் குறைந்தால் மறுகரையிலிருந்து வந்து நிரம்பும் என்று நம்பலாம். தனிக் கூட்டமென்றால் அந்தந்தக் கரையில் இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் வைக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். எனக்கோ அதைவிட முக்கியம். இந்த ஆராய்ச்சி சரியாக முடிந்தால் நான் வேலை பார்க்கும் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை நிரந்தரம் என்று என் மேலாளர் இங்க்ரிட் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

3

மரபணுவுக்கு மீன் முழுதாக வேண்டாம். செட்டையில், அதாவது துடுப்பில், நகக்கண் அளவு ஒரு துண்டு போதும். சின்னக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு அனுப்ப வேண்டும். மண்டபத்து மீன் முப்பது, கொச்சி மீன் முப்பது. ஒவ்வொரு மீனுக்கும் எண் எழுதிய அட்டை வைத்து ஒரு போட்டோ. இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்கு அனுமதி வாங்க இரண்டு வருடம் ஆனது.

எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்தான் கையெழுத்துப் போட முன்வந்தார். இரண்டு கரையிலும் மச்சானுக்கு ஆட்கள் உண்டு. படகு வந்ததும் ஒரு பெட்டியைத் தனியாகக் கட்டி, சீட்டு வைத்து, ஐஸ் போட்டு அனுப்பிவிடுவார்கள். வெட்டுவதும் போட்டோ எடுப்பதும் கம்பத்தில். ஆகவே விண்ணப்பத்தில் அனுப்பும் இடம் தேனி மாவட்டம். எட்டு மாதம் கழித்து ஒரு வரியோடு அது திரும்பி வந்தது: “தேனி மாவட்டத்தில் கடல் இல்லை. விளக்கம் தேவை.” விளக்கம் எழுதினோம். அடுத்த கடிதத்தில், இவை வைகை அணை மீன்களாக இருந்தால் வேறு பிரிவுக்கு விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. அன்று தலையிலடித்துக்கொண்டு நான் தமிழில் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஒருவழியாக அனுமதி வந்தபோது மச்சானுக்குக் கடையை விட்டு நகர நேரமில்லை. அக்காதான் செய்தது. குப்பிகளைப் பார்த்ததும் முதல் சண்டை.

“ஏலே, வீட்டுக்குள்ள சாராயத்தக் கொண்டாந்து வைக்கச் சொல்றியா?”

“குடிக்கிறது இல்லக்கா, ஸ்பிரிட்டு. மீன் கெடாம இருக்க.”

“எதுவோ. வாடை அதேதான் அடிக்குது. பின்னால துணி தொவைக்கிற கல்லுல வச்சுத்தான் செய்வேன், சொல்லிப்புட்டேன்.”

செய்தது. ஒரு எண் மாறவில்லை, ஒரு மூடி ஒழுகவில்லை. போட்டோக்கள் ப்ரவுசிங் சென்டரிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அறுபது மீனும் பளபளவென்று, பெண் பார்க்க உட்கார வைத்ததுபோல ஒரே பக்கம் திரும்பிப் படுத்திருந்தன. இங்க்ரிட் திரையைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்கான மாதிரிகளை இங்கே எங்கள் ஆட்களே எடுப்பதில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன், அதற்கும் புரியவில்லை.

4

அக்கா எதை அனுப்பினாலும் அப்படித்தான். வருடத்துக்கு இரண்டு முறை பார்சல் வரும். பால்பவுடர் டின்னில் முறுக்கு, சுற்றிலும் பொரி அடைத்து. ஒன்றுகூட விண்டிருக்காது. எங்கள் வீட்டுப் பழக்கம் அது. வெளியூருக்குப் போகிறதென்றால் உடைந்தது, கருகியது, கோணியது எல்லாம் தனித்தட்டுக்குப் போகும். அதை வீட்டில் இருப்பவர்கள் தின்பார்கள். முழுசு டின்னுக்கு. நானும் சின்ன வயதில் அந்தத் தட்டுக்காரன்தான். இங்கே வந்தபிறகு டின்காரன் ஆகிவிட்டேன்.

என் மகள் நஸ்ரினுக்கு ஒன்பது வயது. முறுக்கை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதை மெஷினிலா செய்கிறார்கள் என்று நார்வே மொழியில் கேட்டாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். ஊருக்குப் போன் போட்டால் மட்டும் ஒரே ஒரு வாக்கியம், “நான் நல்லா இருக்கேன்.” அதைச் சொன்னதும் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள். ஒருமுறை கூடுதலாக, “தாத்தா நல்லா இருக்கானா?” என்று கேட்டு வைத்தாள். அந்தப் பக்கம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கு மரியாதை விகுதியை எப்போது சொல்லித்தரப் போகிறேன் என்று இருந்தது.

தாத்தா என்றால் என் அத்தா. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம், இருப்பது அக்கா வீட்டில். நான் இங்கே வந்த நாளிலிருந்து மாதம் ஒரு கடிதம் எழுதுவார். பொடி எழுத்தில் தோட்டம், தண்ணீர், யார் வீட்டு நிக்காஹ், யார் மௌத்தாகி அடக்கம் ஆனார் எல்லாம் இருக்கும், ஓரத்தில்கூட இடம் விடமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடிதம் நின்றது. அக்காவிடம் கேட்டால், “திராட்ச வெட்டு தம்பி, நேரமில்ல அவுகளுக்கு” என்றது. அடுத்த முறை கேட்டபோது, “மருந்தடிக்கிற நேரம்.” எனக்குக் கோபம்தான் வந்தது. மகனுக்கு நாலு வரி எழுத நேரமில்லாத அளவுக்கு என்ன தோட்டம்? போனில் வந்தாலும் “நல்லாருக்கேன்த்தா, ஒடம்பப் பாத்துக்க” என்பதோடு அக்காவிடம் கொடுத்துவிடுவார். சரி, மகனை மறந்துவிட்டார் என்று மனைவியிடம் வாய்விட்டுப் புலம்பியிருக்கிறேன்.

5

ஆராய்ச்சி முடிவு வந்தது. மண்டபத்து மீனும் கொச்சி மீனும் தாராளமாகக் கலக்கின்றன, ஒரே கூட்டம். அறிக்கை எழுதி நிலையத்தில் கொடுத்தேன். இங்க்ரிட் கைகுலுக்கினார். வேலைக் கடிதம் அடுத்த மாதம் என்றார். அன்றே ஊருக்குப் போன் போட்டு, “பெர்மனன்ட் ஆயிருச்சு” என்றேன். அடுத்த மாதம் வரப்போவதை இந்த மாதமே சொன்னால் என்ன தப்பு? அக்கா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்ததாம்.

பத்து நாள் கழித்து, இதழுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை கணக்கைச் சரிபார்த்தேன். ஒரே மீனை இரண்டு முறை வெட்டிவிட்டார்களா என்று பார்ப்பது வழக்கம். மனிதரில் கைரேகை போல மீனுக்கும் மரபணு, இரண்டு மீனுக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. முதலில் நான் மண்டபத்து மீன்களுக்குள் தனியாகவும் கொச்சி மீன்களுக்குள் தனியாகவும்தான் தேடியிருந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே தேடத் தோன்றவில்லை. மண்டபத்தில் பிடித்த மீனை எவன் கொச்சியிலும் பிடிப்பான்?

தேடினேன். மண்டபத்து முப்பதில் பதினொன்று, கொச்சி மீன் பதினொன்றோடு ஒரு புள்ளி மாறாமல் பொருந்தின. எனக்கு வேர்த்துவிட்டது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, மண்டபம்னு போட்டது எல்லாம் மண்டபத்துப் பெட்டி மீனுதானா?”

“ஆமா. அதுல கொஞ்சம் வயிறு கிழிஞ்சு கெடந்துச்சு. தரையில குலுங்கிக் குலுங்கி வந்ததுல மூஞ்சி நசுங்கி, கண்ணு பிதுங்கி. அதப் போயி போட்டா எடுக்கவா? அங்கன நாலு பெரிய மனுசங்க பாப்பாக. கம்பத்துலருந்து வந்த மீனு இந்த லட்சணமான்னு ஒன்னையத்தான நெனைப்பாக?”

“அதுக்கு என்ன பண்ணின?”

“கொச்சிப் பெட்டியில நல்லதா கெடந்துச்சு. அதுல பொறுக்கி எடுத்து வச்சேன்.”

“அது கொச்சின்னு ஏற்கெனவே வெட்டின மீனுக்கா!”

“அது இந்தப் பக்கத்துச் செட்ட. இது அந்தப் பக்கத்துச் செட்ட. ரெண்டு வாட்டி ஒரே எடத்துலயா வெட்டுனேன்?”

“கிழிஞ்சதெல்லாம் எங்கக்கா?”

“எங்கயா? கொழம்பு வச்சேன். மச்சான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாக.”

கத்தினேன். அக்காவிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. கிழிந்த மீனுக்குள்தான் நான் தேடியது இருந்தது என்றும், அழகுப் போட்டிக்கா மீன் கேட்டேன் என்றும், இத்தனை வருட வேலையைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டீர்கள் என்றும் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில் அக்கா மெதுவாகக் கேட்டது.

“அதான் வேல பெர்மனன்ட் ஆயிருச்சுல்ல தம்பி? பெறகு என்ன?”

போனை வைத்தேன்.

நஸ்ரின் சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். எங்கள் தமிழ் அவளுக்குப் பேச வராதே தவிர, ஒன்று விடாமல் புரியும். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். “வேலை நிரந்தரம் இல்லையே. அத்தையிடம் ஏன் அப்படிச் சொன்னாய்?” இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான், முகத்துக்கு நேரே கேட்டுவிடும். படத்தைப் பார்த்து வரை என்று அதட்டினேன்.

6

இங்க்ரிட்டிடம் மறுநாளே சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம், அந்தப் பதினொன்றை ஓசையில்லாமல் அழித்திருக்கலாம் என்று ஒரு ராத்தூக்கம் கெட்டதையும் மறைக்கவில்லை. அவற்றை நீக்கிப் பார்த்தால் மண்டபத்து மீன்கள் கொஞ்சம் விலகி நிற்பதுபோலத் தெரிந்தது. ஆனால் பத்தொன்பது மீனை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அறிக்கையைத் திரும்பப் பெற்றோம். இங்க்ரிட் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். வேலைக் கடிதம் நிறுத்தி வைக்கப்படுகிறது, மாதிரிகளை மறுபடி எடுக்க ஒரு வருட நீட்டிப்பு என்று அதே ஒரே குரலில் சொன்னார். எந்த மீனையும் கழிக்காமல் எடுக்கும்படி உங்கள் ஆளுக்குச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்றும் கேட்டார்.

வழி ஒன்று யோசித்தேன். பழைய தாளில் எண், இடம், தேதி என்று மூன்று கட்டம் இருந்தது. நாலாவதாக “பழுது” என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அனுமதிக் காலத்தை நீட்டக் கேட்டபோது, தேனி மாவட்டத்தில் கடல் எங்கே உள்ளது என்று மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் எழுதினோம்.

ஊருக்குப் போட்ட போனில் அக்கா முதலில் முறைப்பாகவே பேசியது.

“பெட்டியத் தொறந்தா மேலருந்து வரிசையா முப்பது எடுக்கணும். எது எப்படிக் கெடந்தாலும் அதுதான். கிழிஞ்சிருந்தா கிழிஞ்சிருக்குன்னு அந்தக் கட்டத்துல எழுது. ஒண்ணையும் ஒளிக்காதக்கா. பழுதானதத்தான் எனக்கு மொதல்ல காட்டணும்.”

“காட்டுனா கத்த மாட்டியே?”

“மாட்டேன்.”

“சத்தியமா?”

“மீனுக்கு எதுக்குக்கா சத்தியம்?”

அக்கா ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தா எப்படி இருக்காக என்று கேட்டேன். நல்லாருக்காக என்றது.

7

போன செவ்வாய், அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் பேசித் தோற்று வீடு திரும்பியபோது மணி இரண்டரை. கம்ப்யூட்டரைத் திறந்தால் அக்காவின் மின்னஞ்சல். மண்டபத்து மீன்கள். இந்த முறை பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு நன்றாக எடுத்திருந்தது. வயிறு கிழிந்தது, வால் முறிந்தது, தலை நசுங்கி எது கண் எது வாய் என்றே தெரியாதது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நேராக அட்டை. தாளையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தது. நாலாவது கட்டத்தில் அக்காவின் குண்டு எழுத்து: குடல் வெளிய இருக்கு. செட்ட பாதிதான். இதுக்கு ஒண்ணுமில்ல, நல்ல மீனு.

முப்பது வரியும் முடிந்த பிறகு கீழே இன்னொரு வரி இருந்தது. எண் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். கடைசிப் போட்டோவைத் திறந்தேன்.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தா உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. காமிரா இருக்கும் பக்கம் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அட்டை, மீனுக்கு வைத்ததைப்போலவே நேராக. தாளில் எழுதியிருந்தது:

31. கம்பம். பழுது: ரெண்டு கண்ணும் தெரியல. சக்கர நோவு. ரெண்டு வருசமாச்சு. கத்த மாட்டேன்னு சொல்லிருக்க.

திராட்சை வெட்டு. மருந்தடிக்கிற நேரம். அத்தனையையும் நம்பிவிட்டு, மகனை மறந்த அப்பா என்று இரண்டு வருடம் அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் வந்தது. அக்கா மேல், என் மேல், இந்த ஊர் மழை மேல், யார் மேல் என்று தெரியாமல் வந்தது. மனைவி வந்து திரையைப் பார்த்துவிட்டு, போன் கார்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மணி அடித்ததும் அக்கா எடுத்தது. எடுத்தவுடன், “அவுகளே பேசணுமாம்” என்று கொடுத்துவிட்டது.

“ஏம்ப்பா, மீனோட மீனா என்னையும் சேத்து அனுப்பிட்டாளாமே. எத்தனாவது நம்பரு?”

“முப்பத்தொண்ணுத்தா.”

“படிச்சுக் காட்டுனா. சரியாத்தான் எழுதிருக்கா. நான்தான் ரெண்டு வருசமா சொல்லாத சொல்லாதன்னு புடிச்சு வச்சிருந்தேன். அவளத் திட்டாத.” கொஞ்சம் இருமினார். “நீ எப்ப வர்ற? பாக்கத்தான் முடியாது. தொட்டுப் பாத்துக்கிருவேன்.”

இந்தக் கேள்விக்குப் பத்து வருடமாக என்னிடம் ஒரு தயார் பதில் உண்டு. அடுத்த லீவுக்கு அத்தா. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நஸ்ரின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தா, வேல பெர்மனன்ட் ஆகல. ஆயிருச்சுன்னு பொய் சொன்னேன். ஒரு வருசம்தான் கொடுத்திருக்காக. அப்பறம் என்னன்னு தெரியாது. இங்க தங்கறதுக்கான தாளும் இன்னும் கெடைக்கல. இப்ப லீவு கேட்டா என்ன சொல்வாகன்னும் தெரியல.”

அத்தா சொன்னார்:

“இதையும் மைமூன்கிட்டச் சொல்லு. முப்பத்திரெண்டுன்னு போட்டு எழுதிக்கிரட்டும்.”